என்ஜின் நின்றபின் நான்கு நிமிடம்

பகலில் தூங்கும் மனிதரைக் கல்யாணம் செய்துகொண்டவள் வீட்டில் உட்கார்ந்து இசையமைக்க ஆசைப்படக் கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

என் கணவருக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலை. ஓடுகிற மெஷின் நின்றுவிட்டால் ஓடிப்போய் அதை ஓட வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்பார். மாதத்தில் பாதி நைட் ஷிப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார், இட்லியை விழுங்குவார், படுக்கையறை ஜன்னலில் கறுப்புப் போர்வையைக் கட்டுவார், விழுந்தால் சாயங்காலம்தான் எழுவார். சேரப்பணஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு ஒரே ஒரு படுக்கையறை. அதற்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு என்ற பெயரில் ஒரு பிளைவுட் பலகை. அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் நான் விண்வெளிக்கு இசை எழுதினேன்.

தாளம் தட்டக் கூடாது. வாய்விட்டுப் பாடக் கூடாது. ஓர் இடம் நன்றாக வந்துவிட்டால் சந்தோஷத்தில் மேஜையைக் குத்தக்கூட வழியில்லை. எழுந்து நடப்பேன். ஹாலுக்குள் நடக்கிற தூரம் போதாமல் சமையலறைக்குள் போய்த் திரும்புவேன். உள்ளேயிருந்து இருமல் வந்தால் நின்ற இடத்திலேயே நிற்பேன்.

"ஏன் பிள்ள இப்படி நடக்குத? ஒரு எடத்துல உக்காந்தா பாட்டு வராதா?" என்பார் தூக்கக் கலக்கத்தில். அவர் தூத்துக்குடிப் பக்கம். தூக்கத்தில்கூட ஊர்ப் பேச்சுதான்.

பாட்டு இல்லை, பின்னணி இசை என்று ஒவ்வொரு முறையும் திருத்துவேன். அதற்குள் அவர் மறுபடி தூங்கியிருப்பார்.

என் சொந்த வேலை இசையமைப்பதும் இல்லை. நான் இசைத் தொகுப்பாளர். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஒருநாள் வாடகை வாங்க வந்தவர், "இன்னாமா வேல பண்ற நீ? நாள் பூரா காதுல மாட்டிகினே கீற?" என்று கேட்டார். படத்துக்கு வருகிற மியூசிக்கை அளவு பார்த்து வெட்டி ஒட்டுகிறேன் என்றேன். "அப்ப டைலரு" என்று முடித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது ஏறக்குறைய சரி. இசையமைப்பாளர் ஒரு காட்சிக்கு இசை எழுதிக் கொடுப்பார். அதற்குப் பிறகு இயக்குநர் அந்தக் காட்சியில் கதாநாயகி திரும்பிப் பார்ப்பதை வெட்டிவிடுவார். சட்டை பெரிதாகிவிடும். எங்கே பிடித்தால் தையல் தெரியாது என்று நான் பார்க்க வேண்டும். வயலின்காரர்கள் வில்லைத் திருப்புகிற இடம், ஒரு பெரிய அடி விழுந்து அதன் ரீங்காரம் மற்றதை மூடுகிற இடம், இப்படிச் சில இடங்கள் இருக்கின்றன. அங்கே வெட்டினால் யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் என் திறமை. பல வருஷம் அப்படியே இருந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் விண்வெளிப் படம் வந்தது. கதை பெரிய கதை இல்லை. ஒரு கப்பல், அதில் தனியாக ஒரு பெண். படம் தொடங்கியதிலிருந்து கப்பலின் என்ஜின் அடியில் உறுமிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஓர் இடத்தில் என்ஜின் நின்றுவிடும். அங்கிருந்து நான்கு நிமிடத்துக்கு வசனம் கிடையாது, வேறு எந்தச் சத்தமும் கிடையாது. இருட்டில் அவள் உட்கார்ந்திருப்பாள். கப்பல் தானாக மெல்லத் திரும்பும். ஜன்னலின் ஓரத்தில் பூமி தெரியும். அந்த நான்கு நிமிடமும் முழு ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார்.

எங்கள் இசையமைப்பாளரை நான் சார் என்றுதான் கூப்பிடுவேன். அந்த நான்கு நிமிடத்துக்கு அவர் மூன்று விதமாக எழுதினார். மூன்றையும் இயக்குநர் வேண்டாம் என்றார். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். படத்தொகுப்பு நடந்த மாதங்களில் ஏதோ ஒரு வெளிநாட்டு இசையைத் தற்காலிகமாக அந்தக் காட்சிக்குப் போட்டு வைத்திருந்தார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். போட்டுப் பார்த்துப் பார்த்து இயக்குநருக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. இரவல் சட்டையையே தன் சட்டை என்று நம்ப ஆரம்பித்தவருக்கு வேறு எதை மாட்டினாலும் கக்கத்தில் பிடிக்கத்தான் செய்யும். மூன்றாவதும் திரும்பி வந்த அன்று சார் பேனாவைத் தூக்கிப் போட்டார்.

"நீ ஒண்ணு எழுதிப் பாரும்மா. இத்தனை வருஷமா நான் நெய்ஞ்சதைக் கத்திரி போட்டுட்டே இருக்க இல்ல? ஒரு தடவ நீ நெய்யி, பாப்போம்."

எரிச்சலில் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் சரி, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்த நான்கு நிமிடம் என்னுடையதாகப் படத்தில் நிற்க வேண்டும். பெயர் பெரிதாக வர வேண்டாம், மேடை வேண்டாம். நான் எழுதியதை வேறு யாரும் தூக்கிவிட்டு இன்னொன்றைப் போடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். அதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தேன்.

இங்கே எங்கள் வீட்டின் பின்சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் தகடு அழுத்தும் சின்னக் கம்பெனி ஒன்று. அவர்களுடைய கம்ப்ரஸர் அறை சரியாக எங்கள் சமையலறைக்குப் பின்னால். இரவு பகல் கிடையாது, ஞாயிறு திங்கள் கிடையாது, ம்ம்ம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். குடிவந்த புதிதில் எனக்குத் தலை கனத்தது. அது என்ன ஸ்வரம் என்று கீபோர்டில் தேடினேன். கீழ் வரிசையில் 'ஜி' என்கிற கட்டைக்கு ஒரு நூல் மேலே இருந்தது. ஒரு நூல்தான், ஆனால் என் காதுக்கு அது பல்லில் சிக்கிய நார். கணவரிடம் புலம்பினேன். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்ல மெஷின் பிள்ள. பேரிங் சத்தமே இல்ல பாத்தியா?" என்று பாராட்டினார். கொஞ்ச நாளில் எனக்கும் பழகிப்போனது. பழகியதோடு நில்லாமல் மறந்தும் போனது.

எழுத ஆரம்பித்தேன். முதலில் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து வேகம் பிடிக்க வேண்டும். அவள் கண் திறப்பதும், கை தானாக மிதந்து எழுவதும், பூமி தெரிவதும் தாளத்தில் வந்து விழுகிற மாதிரி ஒரு நடை. அதைப் பிடிக்கவே ஒரு வாரம் ஓடிப்போனது. பிறகு கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வயலின், செல்லோ, குழல்களை வைத்து ஒரு மாதிரிப் பதிவு செய்தேன். ஆர்க்கெஸ்ட்ரா நிஜமாக வாசிக்கும்வரை இயக்குநரின் கற்பனைக்கு அந்த மாதிரிப் பதிவுதான் கதி. கணவர் தூங்குவதால் ஸ்பீக்கருக்கு வழியில்லை. காதை முழுதாக அடைக்காத வகை ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். அதை மாட்டினால் காது வேகாது, காலிங் பெல்லும் கேட்கும்.

வயலின்கள் வந்தன. செல்லோ வந்தது. ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவின் அடித்தளமான டபுள் பேஸை எப்போது சேர்த்தாலும் எல்லாம் குழம்பிவிட்டது. ஆளுயரத்தில் நிற்க வைத்து வாசிக்கும் அந்தப் பெரிய வாத்தியம் நுழைந்த உடனே, ஊய்ங் ஊய்ங் என்று அலையடித்தது. ஸ்வரத்தை மாற்றினேன், வால்யூமைக் குறைத்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் கோபத்தில் டபுள் பேஸை மொத்தமாகத் தூக்கினேன். உடனே இசை இறகு மாதிரி எழுந்தது. அடி ஆழமாகவும் இருந்தது, மேலே லேசாகவும் இருந்தது. எப்படி இது என்று எனக்கே வியப்பு. என்னை நானே மெச்சிக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தேன்.

இயக்குநருக்கு அனுப்பினேன். அவர் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, கண் கலங்கிவிட்டதாகச் செய்தி போட்டார். சார் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் காரில் கேட்டார். "நல்லா இருக்கு. இதையே ரெக்கார்ட் பண்ணிடலாம்" என்றார். ஒரு ஐரோப்பிய நகரத்தில் இருக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நோட்டேஷன் தாள்கள் போயின. அவர்கள் அங்கே வாசிப்பார்கள், நாங்கள் சென்னை ஸ்டூடியோவில் உட்கார்ந்து இணையம் வழியாகக் கேட்டுத் திருத்தம் சொல்வோம். தேதி விஜயதசமி அன்று விழுந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு நம் பண்டிகையைப் பற்றி என்ன கவலை?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இந்த வட்டாரமே ஒரு வேலையும் செய்யாது, ஆனால் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள். கம்பெனி கேட்டுகளில் வாழைக்கன்று, கலர் காகிதம், ரோட்டில் உடைத்த பூசணிக்காய். கணவர் சாயங்காலம் பொரியும் சுண்டலும் ஒரு ஸ்வீட் பெட்டியுமாக வந்தார். வந்த வேகத்தில் தன் ஸ்பானர் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் வைத்தார். அப்படியே என் மேஜைக்கு வந்து கீபோர்டு, கம்ப்யூட்டர், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடினார்.

"நாளை மறுநாள் காலைல மறுபூஜை போட்டுட்டுத்தான் எடுக்கணும். நாளைக்கு நீயும் தொடக் கூடாது, நானும் தொட மாட்டேன். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போவோம். காத்தாட உக்காருவோம்."

சரி என்றேன். எழுதியாகிவிட்டது, அனுப்பியாகிவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

தூக்கம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை போல, புரண்டுகொண்டே இருந்தார். காலையில் எழுந்தபோது வீட்டில் ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. கேஸை அணைக்க மறந்தோமா, தண்ணீர் மோட்டார் ஓடவில்லையா என்று இரண்டு முறை சுற்றி வந்தேன். எதுவும் பிடிபடவில்லை. மனசு நிலைகொள்ளாத நேரத்தில் நான் எழுதியதையே கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. கம்ப்யூட்டர்தான் வேட்டிக்கு அடியில் இருந்தது, போன் என் கையில்தான் இருந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன்.

இசைக்கு அடி இல்லை. வயலின்கள் அந்தரத்தில் கீச்சிட்டன. செல்லோ ஏதோ கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது, பதில் சொல்ல யாருமே இல்லை. இயர்போன் கெட்டுவிட்டது என்று கழற்றி, கணவருடையதைப் பிடுங்கி மாட்டினேன். அதிலும் அப்படியே. சாருடைய பழைய இசை ஒன்றைப் போட்டேன். அதில் டபுள் பேஸ் வயிற்றைத் தொட்டது. மறுபடி என்னுடையதைப் போட்டேன். வெறும் மேல்மாடி, கீழே தூணே இல்லை. கோளாறு இயர்போனில் இல்லை, என் இசையில்தான் என்று அப்போது தெரிந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

சமையலறையில் போய்த் தண்ணீர் குடித்தேன். கீழே வீட்டுக்காரம்மா யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ராவெல்லாம் தூக்கமே வர்லமா. பின்னால கம்பெனில பூச போட்டு மிசின நிறுத்திட்டானுங்க. காதுல பஞ்சு வெச்சா மாறி கீது."

டம்ளரை வைத்துவிட்டுப் பின்சுவரில் கையை வைத்தேன். சுவர் சும்மா இருந்தது.

இத்தனை வாரமும், காதை அடைக்காத அந்த ஹெட்போன் வழியாக என் டபுள் பேஸை வாசித்தது அந்தக் கம்ப்ரஸர். நான் சேர்த்த டபுள் பேஸ் அதோடு ஒரு நூல் விலகி நின்று சண்டை போட்டது. அந்தச் சண்டையைத்தான் குழப்பம் என்று நினைத்து, இருக்க வேண்டியதைத் துரத்திவிட்டு, பக்கத்துக் கம்பெனி மெஷினை என் இசைக்குள் குடிவைத்திருந்தேன். படத்திலோ என்ஜின் நின்றுபோன காட்சி. என் இசையைக் கேட்டவர்களில் ஒருவர் அடிச்சத்தம் வராத லேப்டாப்பில் கேட்டார், ஒருவர் ஓடுகிற காரில் கேட்டார். ஒருத்தருக்கும் தெரிய வழியில்லை. நாளைக்கு அறுபது பேர் உட்கார்ந்து வாசிக்கும்போது தெரியும். சாருடைய மூன்றாவது வடிவத்தைத் தூசு தட்டி எடுப்பார்கள். நான் திரும்பவும் கத்திரியைப் பிடிப்பேன். அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாத கோபம்.

கீபோர்டை எடுக்கப் போனேன். கணவர் அந்த வேட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"எடுக்கணும்னா எடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நானும் என் ஸ்பானர எடுத்துருதேன். கம்பெனில கூப்பிட்டா போயிருதேன். வருசத்துல ஒரு நாளு, அதையும் வேல பாத்தே கழிப்போம்."

எனக்குப் பெரிய பக்தி என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த ரெக்கார்டிங்குக்குப் போனாலும் வழியில் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற அளவுக்குப் பயம் உண்டு. சந்தனம் காய்ந்து கீபோர்டின்மேல் ஒட்டியிருந்தது. இதைத் துடைத்துவிட்டு எழுதி, அது விளங்காமல் போனால் ஆயுசுக்கும் இதையே நினைப்பேன் என்று தோன்றியது. கையை இழுத்துக்கொண்டேன்.

"போன் பூசைல இல்லல்லா?" என்றார் அவர்.

இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். என் போனில் இசை, ஒரு காதில் இயர்போன். அவர் தன் போனை என் வாய்க்கு நேராக நீட்டிப் பதிவு செய்தார். நான் டபுள் பேஸாகப் பாடினேன். என் குரல் அவ்வளவு கீழே போகாது. ஒரு ஸ்தாயி மேலே பாடி, கீழே இறக்கி நினைத்துக்கொண்டேன். வாலாஜாபாத் ரோட்டில்கூட அன்று லாரி குறைவு. இந்த ஊரில் இவ்வளவு நிசப்தத்தை நான் பார்த்ததே இல்லை. அது எந்த நேரமும் முடிந்துவிடும் என்கிற பதற்றத்தில் நின்று பாட முடியாமல் நடந்துகொண்டே பாடினேன். அவர் போனை நீட்டியபடி பின்னாலேயே வந்தார். துணி எடுக்க மேலே வந்த வீட்டுக்காரம்மா படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாமா ஆச்சு? மொட்டமாடில சுத்திகினு ம்ம்ம்முன்ற?"

"மெஷினு நின்னுட்டுல்லா, அதுக்குப் பதிலா இவ ஓடுதா" என்றார் என் கணவர்.

அன்று நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று. டபுள் பேஸ் தொடக்கத்திலிருந்தே வரக் கூடாது. என்ஜின் அப்போதுதானே நின்றிருக்கிறது, அவளுக்குக் காலடியில் ஒன்றும் இல்லை. அந்தரத்திலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும். ஜன்னல் ஓரத்தில் பூமி தெரிகிறதே, அந்த இடத்தில், யாரும் கவனிக்காதபடி அடியிலிருந்து எழட்டும். மாடியில் வெயில் ஏறும்வரை அந்த ஓர் இடத்தையே பாடினேன். ஏரிக்கரைக்குப் போகவில்லை. அதை அவர் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

விஜயதசமி அன்று விடிந்ததும் மறுபூஜை போட்டு, அவசரமாகச் சந்தனத்தைத் துடைத்து, கம்ப்யூட்டரைப் போட்டேன். ஐரோப்பாவில் விடிய நேரம் இருந்தது. பாதி எழுதும்போது பின்சுவர் ம்ம்ம் என்றது. நல்ல நாளில் மெஷினைத் தொட்டு வைத்தால் வருஷம் முழுக்க ஓடும் என்பது பக்கத்துக் கம்பெனிக்காரரின் நம்பிக்கை. நாளைக்குத் தொடக் கூடாதா என்று சுவரைப் பார்த்துத் திட்டினேன். எழுதி முடித்துக் கேட்டபோது அதே ஊய்ங் ஊய்ங். டபுள் பேஸும் கம்ப்ரஸரும் கட்டிப் புரண்டன. கணவரிடம் ஹெட்போனை நீட்டினேன்.

"நல்லாவே இல்ல பிள்ள" என்றார்.

என் காதும் அதையேதான் சொன்னது. அழி, அழி என்றது. நேற்று மாடியில் பாடியதை மட்டும் நம்பி, இன்று காதில் விழுவதை நம்பாமல் அனுப்ப வேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து நான் நம்பிய ஒரே ஆள் என் காதுதான். கண்ணை மூடிக்கொண்டு டபுள் பேஸ் தாளை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அனுப்பினேன். உடனே சாருக்கும் போனில் விஷயத்தைச் சொன்னேன், கம்ப்ரஸரை மட்டும் விட்டுவிட்டு.

"விளையாடுறியா? ரெக்கார்டிங் அன்னிக்கா வந்து அடியே இல்லேங்குற?" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கினார். "இப்ப இருக்கறத முதல்ல எடுப்போம். அப்புறம் என் மூணாவது வெர்ஷனையும் எடுத்துடுறேன். கடைசில நேரம் இருந்தா பேஸ்காரங்களை மட்டும் வெச்சு உன்னோடத வாசிக்கச் சொல்றேன். நேரம் இல்லேன்னா என்னைக் கேக்காதே."

படப்பை, தாம்பரம் என்று பஸ் மாறிப் போனேன். முன்னால் வாழைக்கன்று கட்டிய டிரெய்லர் லாரிகள் புதுக் கார்களைச் சுமந்துகொண்டு வழியை அடைத்தன. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன்.

ஸ்டூடியோவில் கதவைச் சாத்தினால் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். திரையில் அந்த ஊர் ஆர்க்கெஸ்ட்ரா. கறுப்புச் சட்டைக்காரர்கள் வாசித்தார்கள். என் வயலின்கள் அழகாக இருந்தன, அடியில்லாமல் இருந்தன. இயக்குநர் புருவத்தைச் சுருக்கினார். "அன்னிக்குக் கேட்டப்ப வேற மாதிரி இருந்துச்சே" என்றார். அடுத்துச் சாருடைய மூன்றாவது வடிவம். அது கனமாக, முழுதாக, தப்பே இல்லாமல் இருந்தது. இயக்குநர் தலையாட்டினார். நான் எழுந்து போய்க் கதவருகே நின்றேன். அங்கே நேரம் என்றால் நேரம்தான், முடிந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துவிடுவார்கள். வயலின்காரர்கள் பெட்டியை மூடிப் போய்விட்டார்கள். டபுள் பேஸ்காரர்கள் மட்டும் அசையாமல் நின்றார்கள். சார் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மைக்கை அழுத்தி அவர்களிடம் சொன்னார்.

அவர்கள் தனியாக வாசித்தபோது வெறும் உறுமல்தான் கேட்டது. "லாரி ரிவர்ஸ் எடுக்குற மாதிரி இருக்கே" என்றார் இயக்குநர். ரெக்கார்டிங் இன்ஜினியர் அதை வயலின்களோடு சேர்த்துக் காட்சியையும் ஓடவிட்டார். என்ஜின் நின்றது. அவள் அந்தரத்தில் இருந்தாள். வயலின்கள் எங்கோ மேலே இருந்தன. பூமியின் விளிம்பு ஜன்னலில் வந்தது. அடியிலிருந்து அது எழுந்தது. அலை இல்லை, குழப்பம் இல்லை. மாடியில் நடந்துகொண்டே நான் பாடியது அப்படியே இருந்தது. இயக்குநர் இன்னொரு முறை போடச் சொன்னார். அதற்கப்புறம் இன்னொரு முறை.

சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என் மூணாவது வெர்ஷனைத் தூக்கிப் போட்டுடாதீங்கப்பா. வேற எங்கியாவது ஆகும்" என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதோடு முடியவில்லை. படம் வெளியாவதற்குள் இயக்குநர் அந்தக் காட்சியை இரண்டு முறை குறைத்தார். "நீயே வெட்டு" என்றார் சார். மற்றவர்கள் இசையில் கை நடுங்காத எனக்கு என் இசையில் கத்திரி வைக்க வரவில்லை. ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். ஹாலும் சமையலறையும் தேய்ந்திருக்கும். முதல் பகுதியில் இரண்டு இடத்தில் வெட்டினேன். பூமி தெரிகிற இடத்தில் கை வைக்கவில்லை, யாரையும் வைக்கவும் விடவில்லை.

படம் வெளியான வாரம் ஸ்ரீபெரும்புதூர்த் தியேட்டருக்குப் போனோம். கணவர் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்திருந்தார். உனக்காகத்தான் வாரேன் என்று பஸ்ஸில் மூன்று முறை சொன்னார். தியேட்டர் முழுக்க ஹாஸ்டல் பையன்கள், கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்த பெண்கள், வாராந்திர லீவைக் கழிக்க வந்த கூட்டம். படம் முழுக்க என்ஜின் உறுமியது. நான் இருக்கையின் நுனியில் இருந்தேன்.

என்ஜின் நின்றது.

என் பக்கத்தில் கணவர் சட்டென்று பாதி எழுந்துவிட்டார். கை தானாக இடுப்பில் போனைத் தேடியது. அவர் மட்டும் இல்லை, நாலைந்து வரிசையில் ஆட்கள் நிமிர்ந்தார்கள். ஒரு நொடி கழித்துப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்:

"லைன் ஸ்டாப்பு! மெயின்டனன்ஸக் கூப்டுங்கடா!"

தியேட்டரே வெடித்துச் சிரித்தது. "சூப்பர்வைசர் எங்கடா?" என்றான் இன்னொருவன். "ஓவர்டைம் கட்!" என்றாள் ஒரு பெண். விசில் பறந்தது. அறுபது பேர் வாசித்த என் வயலின்கள் அந்தக் கூச்சலில் ஒரு சொட்டுக்கூடக் கேட்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று எல்லோரையும் அறைய வேண்டும் போல் இருந்தது. இதற்காகவா அந்தப் பாடு பட்டேன்? இருட்டில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஜன்னல் ஓரத்தில் பூமி தெரிந்தது. டபுள் பேஸ் எழுந்தது. அது காதுக்கு வருவதற்கு முன் நாற்காலிக் கைப்பிடியில் வந்தது. சிரிப்பு முன்வரிசையில் அடங்கியது, பிறகு நடுவில், பிறகு பின்னால். நிமிர்ந்தவர்கள் எல்லோரும் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

என் கணவரும் சாய்ந்தார். பாராட்டப் போகிறார் என்று திரும்பினேன். அவர் தலை மெல்லச் சரிந்து என் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கள் வீட்டில், பின்சுவர் கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும் வருகிற அந்த ஆழ்ந்த தூக்கம்.

வேறு நாளாக இருந்தால் உலுக்கி எழுப்பிச் சண்டை போட்டிருப்பேன். அன்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.